ஐந்தாவது புள்ளி

என் கணவரின் பெருங்குடலில் இருந்த கட்டியை வெட்டி எடுத்த பிறகு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுத்தார்கள். புற்றுநோய் வேறெங்காவது பரவுகிறதா என்று முன்கூட்டியே காட்டிக்கொடுக்கக்கூடிய சி.ஈ.ஏ. என்ற புரதத்தை அதில் அளப்பார்கள். வயிற்றில் இருக்கும் சிசுவின் குடலில் உண்டாகும் புரதமாம் அது. பிறந்ததும் ஏறக்குறைய நின்றுவிடும், புற்று வந்தால் மறுபடி கூடுமாம். கேட்டதிலிருந்து எனக்கு அதே யோசனை. யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவள் நான். எண்ணைக் கண்டால் சும்மா இருக்க மாட்டேன். புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் நார்த்மீட் வீட்டுப் பிரிட்ஜில் வரைபுத்தாள் ஒட்டி, ஒவ்வொரு முடிவையும் புள்ளியாகக் குறித்தேன். தன் இரத்தத்தை வாறவன் போறவன் எல்லாம் வாசிக்கிறான் என்று அவர் முணுமுணுப்பார்.

நாலு புள்ளிகள் ஒரே மட்டத்தில் கிடந்தன. ஐந்தாவது எழும்பியது.

ஈரலுக்குப் போய்விட்டதா என்று வைத்தியரிடம் கேட்டேன். எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, ஸ்கேன் எடுப்போம் என்றார் அவர். வேறு காரணங்களாலும் ஏறுமாம். புகைப்பவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்குமாம். புகைப்பீர்களா என்று கணவரைக் கேட்டார். நான் முந்திக்கொண்டு, சத்திரசிகிச்சைக்கு முதலே மேய்ஸ் ஹில் கோயில் முருகனுக்கு முன்னால் நின்று சிகரெட்டை விட்டுவிட்டார் என்று பெருமையாகச் சொன்னேன். கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்கேனுக்குப் பத்து நாள் இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரோ புல் வெட்டினார். இந்த நாட்டில் ஜூலைதான் குளிர்காலம், அதில் புல் எங்கே வளர்கிறது? மெஷின் சத்தம் இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும். ஆள் உள்ளே வர அரை மணி ஆகும். யன்னலில் நின்று பார்த்த எனக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகத்தோடு ஒரு வெட்கங்கெட்ட ஆசையும் வந்தது. முப்பது வருடம் அவருடைய சிகரெட்டோடு மல்லுக்கட்டியவள், முருகா, அது சிகரெட்டாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு கராஜுக்குள் போனேன்.

மெஷினில் புல் சேரும் பையைத் திறந்தேன். புல் ஒன்றுகூட இல்லை. பாதி முடிந்த சிகரெட் பெட்டியும் லைட்டரும் இருந்தன. அப்படியே நிலத்தில் குந்திச் சந்தோஷத்தில் அழுதேன். என்னைத் தேடி வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எத்தினை நாளாய்?" என்று கேட்டேன்.

"ரெண்டு மாசம். பயத்தில தொடங்கினனான்."

"டொக்டரிட்டை ஏன் சொல்லேல்லை?"

"நீ அவ்வளவு பெருமையாச் சொல்லிப்போட்டாய்."

திட்டுவதற்கு முப்பது வருடமாகச் சேர்த்து வைத்திருந்த சொற்களை அப்படியே வைத்துவிட்டு, பெட்டியை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

ஆனாலும் ஸ்கேன் முடிவு வரும்வரை இருவருக்கும் நித்திரை இல்லை. அதில் ஒன்றும் இல்லை என்றார்கள். சிகரெட்டை விட்டபின் எடுத்த இரத்தத்தில் எண் பழையபடி இறங்கியிருந்தது. ஆறாவது புள்ளியை அவரே பென்சில் எடுத்துக் குறித்தார். கண்ணாடி போடாமல் குறித்ததில் அது இருக்கவேண்டிய இடத்துக்குச் சற்று மேலே போய்விட்டது. நான் திருத்தவில்லை.