ஆரணி ரோடு ஸ்டேஷனும் என் தங்கையும்

ஆரணி ரோடு என்று மஞ்சள் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருப்பார்கள். பார்க்கிறவர்கள் என்னவோ எங்கள் ஊருக்கே ரயில் வருகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த ஸ்டேஷன் இருப்பது களம்பூரில். பேர் எங்களுடையது, ரயில் அவர்களுடையது. ஆரணிக்காரர்கள் ரயிலேற வேண்டுமென்றால் முதலில் பஸ் பிடித்துக் களம்பூர் போக வேண்டும். அந்த பஸ்ஸிலேயே பேசாமல் உட்கார்ந்திருந்தால் அது போளூர், திருவண்ணாமலை என்று தானே கொண்டுபோய் இறக்கிவிடும். நடுவில் இறங்கி, ரயில் எப்போது வரும் என்று யார் தேவுடு காத்துக்கொண்டு நிற்பார்கள்? அதனால் எங்கள் தெருவில் பாதிப் பேர் ரயிலேறியதே இல்லை. கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் நான் ஏறியதில்லை.

இது ஒரு குறையாகவே எனக்குத் தெரிந்திருக்காது, என் தங்கை ஒரு ரயில்காரரைக் கட்டிக்கொள்ளாமல் இருந்திருந்தால்.

அவர் எங்களுக்குத் தூரத்து உறவு. விழுப்புரத்தில் கரி இன்ஜினில் ஃபயர்மேன் வேலை. எழுபதுகளின் நடுவில் பெண் கேட்டு வந்தபோது மூத்தவள் நான் இருந்தேன். முறைப்படி என்னைத்தான் கேட்டார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. ஆனால் சிரித்தால் பளிச்சென்று இருந்தார். எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, இதில் என்ன ஒளிவு மறைவு!

எங்கள் நைனா, அதாவது அப்பா, ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"பெரியவ நல்ல தறிக்காரி. அவள வெளிய குடுக்க மாட்டேன். சின்னவள வேணும்னா கட்டிகினு போங்க. அவ கைக்கு நூலு நிக்காது."

தறி வீடுகளில் அப்படித்தான் கணக்கு. கை நல்ல கையாக இருந்தால் இன்னொரு தறி வீட்டுக்குத்தான் போக வேண்டும். பட்டறையில் வளர்ந்தும் இழை பிணைக்கத் தெரியாதவள், குறுக்கு நூல் ஓட்டுகிற நாடாவைத் தள்ளினால் நீளவாக்கில் கட்டிய பாவு நூலை அறுக்கிறவள், அவளை எங்கே வேண்டுமானாலும் கொடுக்கலாம். நான் பக்கத்து ஊரான சேவூருக்குப் போனேன், அங்கேயும் வாசலைத் தாண்டினால் தறிக்குழி. தங்கை விழுப்புரம் போனாள். வேலை தெரிந்தவளுக்குத் தறி, தெரியாதவளுக்கு ரயில். இந்த நியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

அதற்கப்புறம் அவள் அம்மா வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரிந்தது. பஸ்ஸில் வருகிறவர்கள் கசங்கி, வாந்தி எடுத்து, வாடி வதங்கி வருவார்கள். இவள் வருவது வேறு மாதிரி. தலையெல்லாம் கரித்தூள், கன்னத்தில் ஒரு தீற்றல், ஆனால் முகம் மட்டும் திருவிழாவுக்குப் போய்வந்த முகம். நான் குழியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு நெய்துகொண்டிருப்பேன். அம்மா வீட்டில் பையை வைத்த கையோடு சேவூருக்கு வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள்.

"பேஜாருக்கா! கண்ணுல கரி வுழுந்துடுச்சி. போளூர்லேருந்து கசக்கிகினே வரேன்."

அவள் சலித்துக்கொள்வாள். எனக்கோ அந்தக் கரித்துணுக்குமேல்கூடப் பொறாமை. என் கண்ணில் என்ன விழுந்தது? சரிகைத் தூசுதான் விழுந்தது.

ரயில் கதையை ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். கரி வாரிப் போடுகிற ஷவலைக் கழுவி, அதிலேயே எண்ணெய் விட்டு, அடுப்பு வாயில் காட்டி அவள் புருஷன் முட்டை பொரிப்பாராம். இன்ஜின் தண்ணீர் குடிக்க நின்றால் பயணிகளும் இறங்கிக் கால் நீட்டிக்கொள்வார்களாம். அவர் வேலை பார்க்கிற வண்டியில் இவள் ஏறியிருந்தால், ஸ்டேஷன் விட்டுக் கிளம்பும்போது ஒரு ஊதல் கூடுதலாகக் கேட்குமாம். "எனக்குத்தான்" என்று வெட்கப்படுவாள். என் வீட்டுக்காரரும் கெட்டவர் இல்லை. ஆனால் எனக்காக அவர் எதை ஊதுவார்?

அவள் பிள்ளைகள் அதற்கு மேல். கண்ணமங்கலம், ஆரணி ரோடு, போளூர், அகரம் சிப்பந்தி, துரிஞ்சாபுரம், திருவண்ணாமலை என்று ஸ்டேஷன் பேரை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கும். என் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "போங்கடா, போயி நூலு சுத்துங்க" என்று விரட்டுவேன்.

வீட்டுக்காரரிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "பஸ்ஸு வாசல்ல நிக்குது, உனக்கு ரயிலு கேக்குதா? ஏறத் தெரியாம எங்கியாவது வுழுந்து வெச்சா யாரு பாக்கறது?" என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஆடி மாதம். தங்கை அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். மறுநாள் அமாவாசை. அமாவாசையன்று நாங்கள் தறியில் உட்காரமாட்டோம். மாதத்தில் எங்களுக்கு உருப்படியாக ஒரு லீவு என்றால் அதுதான். திருவண்ணாமலைக்குப் போய்ச் சாமி கும்பிட்டு வரலாம் என்று அவள்தான் ஆரம்பித்தாள். ரயிலில். சாமி பேரைச் சொன்னதும் வீட்டுக்காரர் மறுக்கவில்லை. மறுநாள் பொழுது விடிவதற்குள் நான் குளித்துத் தயாராகிவிட்டேன்.

தறிக்காரி பட்டு கட்டுவது அபூர்வம். நெய்வதெல்லாம் ஊருக்கு. எனக்கென்று ஒரே ஒரு புடவை வைத்திருந்தேன். மாம்பழ நிறம், அரக்குக் கரை. மிச்சம் மீதி நூலைச் சேர்த்து வைத்து எனக்காகவே நெய்தது. கல்யாணம், காதுகுத்து தவிர எடுத்ததில்லை. அதை எடுத்துக் கட்டிக்கொண்டேன். ரயிலென்றால் சும்மாவா! அவளுக்கு எதிரில் நான் நைலக்ஸ் புடவையில் போய் நிற்பேனா?

களம்பூரில் வண்டி வருவதை முதலில் காலில்தான் உணர்ந்தேன். பிளாட்பாரம் அதிர்ந்தது. அப்புறம் புகை, அப்புறம் அந்தக் கறுப்பு முகம். பக்கத்தில் வந்தபோது அனல் அடித்தது. சூடான எண்ணெய் வாசனையும் ஆவி வாசனையும் சேர்ந்து வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இதைத்தானா இத்தனை வருஷமாக இவள் மட்டும் அனுபவித்துக்கொண்டிருந்தாள்?

நான் இன்ஜினுக்கு அடுத்த பெட்டியைப் பார்த்து ஓடினேன்.

"அக்கா, அங்க வேணாம். கடைசிப் பொட்டிக்குப் போலாம் வா. இங்க பொறி பறக்கும்."

"ஏண்டி, நான் கிட்டக்க உக்காந்து பாத்தா உனக்குப் பொறுக்கலியா?"

அவள் என் பின்னாலேயே ஏறிக்கொண்டாள். வண்டி போகிற திசையைப் பார்த்த மாதிரி ஜன்னல் ஓரத்தை நான் பிடித்தேன். ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டேன்.

ஐயோ, அந்தப் பயணம்! பஸ்ஸில் அதே வழியாக எத்தனை தடவை போயிருப்பேன், ஒன்றையும் பார்த்ததில்லை. ரோடு ஊருக்கு முகத்தைக் காட்டும், ரயில் முதுகுப் பக்கமாகப் போகும். கிணற்றடியில் துணி துவைக்கிறவர்கள், ஏரிக்குள் இறங்கி நிற்கிற எருமைகள், அப்போதுதான் முளைவிட்ட மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லைகள். மேற்கே ஜவ்வாது மலை எங்களோடு கூடவே வந்தது. போளூர் மலை நெருங்கி, பெரிதாகி, பின்னால் போயிற்று. ஒரு வளைவில் இன்ஜின் திரும்பியபோது அதன் முழு உடம்பையும் பார்த்தேன். சக்கரத்தின் இரும்புத் தண்டு முன்னும் பின்னும் போய்வருவது தெரிந்தது. என் கண்ணிலும் கரி விழுந்தது. கசக்கிக்கொண்டே சிரித்தேன்.

துரிஞ்சாபுரம் தாண்டியிருக்கும். எங்கோ முடி கருகுகிற வாசனை. மற்றவர்களுக்கு அது என்னவென்று தெரியாது, எங்களுக்குத் தெரியும். நூல் அசல் பட்டுதானா என்று கொளுத்திப் பார்க்கும்போது வருகிற வாசனை அது. நான் குனிவதற்குள் தங்கை பாய்ந்து என் முந்தானையை வெறுங்கையால் அடித்து அணைத்தாள். பொறி இரண்டு மூன்று விழுந்திருந்தது. சிறிய சிறிய ஓட்டைகள், ஓரமெல்லாம் கறுத்து.

நான்கூட அவ்வளவு பதறவில்லை. அவள்தான் பதறினாள். முந்தானையைத் தன் மடியில் போட்டுக்கொண்டு ஓட்டையை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். அப்போதுதான் கவனித்தேன். அத்தனை தூரத்தில் அவள் ஒரு தடவைகூட வெளியே பார்க்கவில்லை. ஏறியதிலிருந்து என் புடவையைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"இந்தக் கரைய ஒடம்போட கோத்து வாங்கறது எப்டிக்கா? எனக்குக் கடேசி வரிக்கும் அது பிடிபடவே இல்ல."

"இனிமே அது உனக்கு எதுக்குடி? நீதான் ராணி மாதிரி ரயில்ல போய்கினு வந்துகினு இருக்கியே."

"ரயிலு இன்னாக்கா ரயிலு. ஏறி உக்காந்தா அது பாட்டுக்குப் போவுது. நான் இன்னா செஞ்சேன் அதுல?" என்றாள். "நைனா என் கைய நாடாவுலேருந்து எடுத்து வுட்டாரே, அன்னிலேருந்து அழுவுறேன். உங்க வூட்டுக்கு வரும்போதெல்லாம் உன் பக்கத்துல வந்து வந்து உக்காருறேனே, நீ ஒரு தடவ எழுந்து எடம் குடுப்பியான்னுதான். ஒரே ஒரு தடவ என்னை உன் தறியில உக்கார வைக்கிறியாக்கா?"

நான் அந்தத் தறியைச் சபிக்காத நாள் கிடையாது. முதுகு வலிக்கும்போதெல்லாம், இவள் தலையில் கரித்தூளைப் பார்த்தபோதெல்லாம், நாசமாய்ப் போக என்று திட்டியிருக்கிறேன். இவள் கேட்டதும் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் தறியாயிற்றே, இவளுக்கு எதற்கு என்றுதான் வந்தது. ரயிலை வைத்துக்கொண்டிருக்கிறாள், ஊதல் ஊதுகிற புருஷனை வைத்துக்கொண்டிருக்கிறாள், இப்போது என் குழியிலும் கால் வைக்கப் பார்க்கிறாளா?

"வேணாண்டி. பாவு அறுந்துடும். உன் கைக்கு நூலு நிக்காது" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நைனா சொன்ன மாதிரியே சொல்றக்கா."

முந்தானையைப் பதமாக மடித்து என் பக்கம் வைத்தாள். திருவண்ணாமலை வந்துவிட்டது. கோயிலுக்குப் போனோம், சாமி பார்த்தோம், திரும்பும்போது அவளே கடைசிப் பெட்டியில் எனக்கு ஜன்னல் பிடித்துக் கொடுத்தாள். நானும் உட்கார்ந்துகொண்டேன்.

இன்றைக்கு வந்து கேட்டாலும் தறியைத் தரமாட்டேன் என்றுதான் சொல்வேன். அவள்தான் அதற்கப்புறம் கேட்கவே இல்லை.