சந்தனம் வைத்த பொத்தான்

எங்கள் மாமா தன் ரேடியோப் பெட்டிகளுக்குப் பொட்டு வைக்க விட்டதே கிடையாது. ஆயுத பூசையன்று அத்தை சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பினால் கிரைண்டர், பிரிட்ஜ், தையல் மிஷின், அரிவாள்மணை, ஜீப்பின் நான்கு சக்கரம், மிச்சமிருந்தால் என் நெற்றி என்று ஒன்றையும் விடமாட்டாள். ரேடியோ அறை வாசலில் மட்டும் மாமா கையை விரித்துக்கொண்டு நிற்பார். "உள்ள ஒரு சொட்டு எறங்குனா போர்டு போயிரும். சாமி வந்து சால்டர் வைக்காது" என்பார். அத்தை நிலைக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே திரும்பிவிடுவாள். அப்படிப்பட்டவர் நான் ஐந்தாவது படித்த வருடம் அவராகவே அந்தக் கிண்ணத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

மாமா என்றால் என் அம்மாவின் அண்ணன். ஜெகதாப்பட்டினத்துக்கு அருகில் வீடு, அரசு வேலை, பிள்ளைகள் இல்லை. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிய ஹாம் ரேடியோக்காரர். பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை இது, பேசுகிற ரேடியோ. டவர் வேண்டாம், கம்பெனி வேண்டாம். ஒரு பெட்டி, ஒரு பேட்டரி, ஒரு கம்பி இருந்தால் திருச்சிக்கும் பேசலாம், தெரியாத தேசத்துக்கும் பேசலாம். தினமும் காலையில் இவர்கள் ஓர் அலைவரிசையில் கூடுவார்கள். அதற்கு நெட் என்று பெயர். ஒருவர் வரிசையாகக் கூப்பிட, மற்றவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி ஆஜர் சொல்வார்கள். வயது வித்தியாசம் இல்லாமல் ஒருவரையொருவர் 'ஓஎம்' என்று அழைத்துக்கொள்வார்கள். கிழவா என்று அர்த்தமாம். மரியாதையாம் அது.

எங்கள் அம்மாவுக்கு இதில் கொஞ்சமும் மதிப்பில்லை. "ஆளுக்கு ரெண்டு செல்போன் இருக்கு. கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையிறாரு எங்கண்ணன்" என்பாள்.

ஆனால் முந்தைய வருடத்துப் புயலில் அந்தக் கடற்கரையில் வெண்ணெயும் இல்லை, நெய்யும் இல்லை. டவர்கள் சாய்ந்துவிட்டன. மாமா ஜீப்பில் வைத்திருந்த பழைய ரேடியோ ஒன்றுதான் வெளியூரோடு பேசியது. எந்த ஊரில் குடிதண்ணீர் இல்லை, எந்தப் பள்ளிக்கூடத்தில் ஜனங்கள் இருக்கிறார்கள் என்று அவர் வண்டியிலேயே உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். மற்ற நாட்களில் கடலில் எல்லை தாண்டியதாகப் போட்டுகள் பிடிபட்டால் அந்த வீட்டுப் பெண்கள் ஓடி வருவார்கள். "இந்தப் பொட்டியில எங்க ஆளுகளக் கேளுங்கய்யா" என்று நிற்பார்கள். அது முடியாது, அது வேறு அலைவரிசை, சட்டப்படி நாம் பேசவும் கூடாது என்று மாமா சொல்லி அனுப்புவார். அப்படி அனுப்பிய நாட்களில் அவருக்குச் சோறு இறங்காது. ஒன்றுக்கும் உதவாத பெட்டி என்று ஊர் நினைத்ததைத்தான் புயல் மாற்றியது. அவருக்கும் தன்மேல் ஒரு மதிப்பு வந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தப் பழைய பெட்டியை உப்புக்காற்று தின்றுவிட்டது. அடுத்த மழைக்குள் ஜீப்புக்கு வேறு ரேடியோ வைத்தாக வேண்டும் என்று மாமா ஒற்றைக் காலில் நின்றார். அவருடைய திருச்சி நண்பர் ஒருவர் இரண்டு ரேடியோக்களைக் கொண்டுவருவதாகவும், ஓட்டிப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்வதாகவும் ஏற்பாடு. சந்திப்பு குளத்தூரில், எங்கள் வீட்டில்.

ஜீப் வந்து நின்றபோது தெருவே வேடிக்கை பார்த்தது. ஸ்டியரிங்கில் அத்தை! சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முகமெல்லாம் வேர்த்து, கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் பிரேக்கை மிதித்தாள். நாற்பது வயதுக்கு மேல் டிரைவிங் ஸ்கூலுக்குப் போயிருக்கிறாள். அம்மா வாயில் கை வைத்தாள்.

"என்னண்ணே இது, ஒங்களுக்குக் கை காலு நல்லாத்தானே இருக்கு?"

"ஒங்க அண்ணி ஓட்டுனா டீசல் மிச்சம் தங்கச்சி" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் இறங்கித் தண்ணீர் கேட்டாள்.

நண்பர் கொண்டுவந்த ரேடியோக்களில் ஒன்றைப் பார்த்ததும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. முகம் முழுக்கக் கலர்த் திரை. தொட்டால் மாறியது. யாரோ பேசினால் அதில் நீலமும் மஞ்சளுமாக அருவி ஒன்று இறங்கியது. இன்னொன்று கறுப்பாக, கனமாக, குமிழும் பொத்தானுமாக இருந்தது. கடிகாரக் கடையில் யாரும் எடுக்காமல் கிடக்கிற அலாரம் போலிருந்தது அது. பின்பக்க பம்பரில் தூண்டில் மாதிரி நீண்ட ஆண்டெனாவை மாட்டி, குன்றாண்டார்கோவில் வரை போய்ப் பார்ப்பது என்று கிளம்பினோம். அத்தை ஓட்டினாள். மாமா இடது பக்கம், அவரை ஒட்டி நான்; நண்பர் பின்னால்.

கோயிலுக்கு எதிரே, பாறையைப் பார்த்தபடி வண்டியை நிறுத்தினோம். காலை நெட் ஓடிக்கொண்டிருந்தது. மாமா முதலில் கலர்த் திரையைத் தொட்டுப் பார்த்தார். தொட்ட இடம் தப்பி, குரல் அறுந்துபோனது. மறுபடி தொட்டார். மறுபடி தப்பியது. பிறகு கறுப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். விரல்கள் ஒவ்வொரு குமிழாக நடந்தன. ஒன்றைத் திருப்பினார், டக் டக் என்றது. இன்னொன்றை அமுக்கினார். உள்ளேயிருந்து ஒரு பெண் இங்கிலீஷில் நம்பர் சொன்னாள். எந்த அலைவரிசையில் நிற்கிறோம் என்று அந்தப் பெட்டியே சொல்லுமாம்.

நான் மாமா சாமி கும்பிடுகிறார் என்றே நினைத்தேன். கோயிலைப் பார்த்துக் கண்ணை மூடினால் வேறென்ன?

"ஓஎம், இது பழைய மாடலு. அதுல எல்லாமே ஸ்க்ரீன்லயே வந்துரும்ல" என்றார் நண்பர்.

"அதான் தொந்தரவு" என்றார் மாமா.

நான் விடவில்லை. "மாமா, அதையே வாங்குங்க மாமா. அதுலதான் படம் தெரியுது."

"பேசுறதுக்குப் படம் எதுக்கு ஆத்தா?"

நண்பர் பக்கத்துக் கடையில் டீ வாங்கிவந்து மாமாவின் தோளுக்குப் பக்கமாக நீட்டினார். மாமா எடுக்கவில்லை. டீ ஆவி பறக்க நின்றுகொண்டே இருந்தது. "மாமா, டீ" என்றேன். அவர் தலையை முழுதாகத் திருப்பி, டம்ளரைத் தேடிப் பிடித்து வாங்கினார். நண்பர் அவரையே பார்த்தார், பிறகு அத்தையைப் பார்த்தார். அத்தை பாறையைப் பார்த்தாள். அதற்கப்புறம் நண்பர் ஒரு வார்த்தைகூட வாதாடவில்லை. கலர்த் திரை ரேடியோவைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். எனக்கு அழுகை வந்தது. பெரியவர்களுக்கு ரசனையே கிடையாது என்று முடிவு கட்டினேன்.

பொருத்துகிற இடத்திலும் தகராறு. ரேடியோவை டேஷ்போர்டின் இடது கோடியில் வைக்கச் சொன்னார் மாமா. மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

"டிரைவர் கைக்கு எட்டாதே சார்?"

"டிரைவர் வண்டிய ஓட்டட்டும்யா."

அது நான் உட்காருகிற பக்கம். எனக்காகத்தான் அங்கே வைக்கிறார் என்று நினைத்தேன். கலர்த் திரை போன துக்கம் அதில் பாதி ஆறியது.

காலாண்டு விடுமுறையில் என்னை அவர்கள் வீட்டில் விட்டார்கள். ஆயுத பூசை வந்தது. அத்தை சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, வழக்கம்போல ரேடியோவை விட்டு ஒதுங்கிப் போனபோதுதான் மாமா கூப்பிட்டார்.

"இங்கிட்டு வா. இதுக்கும் வையி."

அத்தை நின்ற இடத்தில் நின்றாள்.

"கோந்து இருக்குல்ல? சந்தனத்துல கொஞ்சம் கலந்துக்க. வரிசையில மூணாவது பொத்தான். மேல குட்டியா, குவிச்சாப்புல வையி. காஞ்சா உதிரக்கூடாது."

சாமிக்குக் கோந்து போட்ட பூசையை நான் முதலில் பார்த்தது அன்றுதான். அத்தை அந்த ஒரு பொத்தானுக்கு மட்டும் பொட்டு வைத்தாள். அது, குமிழை எங்கே திருப்பிவிட்டிருந்தாலும் காலை நெட் அலைவரிசைக்கே கொண்டுவந்து நிறுத்துகிற பொத்தான். காய்ந்ததும் மாமா விரல் வைத்துத் தடவிப் பார்த்தார். திருப்தியாகத் தலையை ஆட்டினார். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து வேண்டிய வேண்டுதல் பலித்து, புருஷனுக்குப் பக்தி வந்துவிட்ட சந்தோஷம் என்று எனக்குத் தோன்றியது. ஊருக்குப் போய் அம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன். அம்மாவும் நம்பினாள்.

படிக்கிறவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். மாமாவின் பார்வை ஓரங்களிலிருந்து குறுகிக்கொண்டே வந்து, நடுவிலும் மங்க ஆரம்பித்திருந்தது. திரும்பாது என்று மதுரையில் டாக்டர் சொல்லிவிட்டார். அவர் அதைச் சொல்லியிருந்தது அத்தையிடம் மட்டும்; திருச்சி நண்பர் அந்த டீயின்போது தானாக ஊகித்திருக்க வேண்டும். சொன்னால் அழுவார்கள், பரிதாபப்படுவார்கள். அதைக்கூட அவர் தாங்கியிருப்பார். அடுத்த புயலில் நெட்டில் பெயர் கூப்பிடும்போது, 'நீங்க வீட்டுல ரெஸ்ட் எடுங்க ஓஎம்' என்று அவரைத் தாண்டிப் போய்விடுவார்கள் என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கண் போனாலும் கை கண்டுபிடிக்கிற ரேடியோவாக அவர் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பத்து வயது. எனக்கு அதெல்லாம் தெரியாது.

கார்த்திகையில் அம்மாவும் அப்பாவும் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போனதால் நான் மறுபடி மாமா வீட்டில் இருந்தேன். அந்தச் சமயம் பார்த்துப் புயல் வந்தது. காற்று ஓய்ந்து விடிந்தபோது எந்தப் போனிலும் உயிரில்லை. என்னைத் தனியாக விட முடியாமல் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அத்தை வண்டியை எடுத்தாள். கிளைகளைச் சுற்றி, பள்ளத்தில் இறங்கி ஏறி, திட்டிக்கொண்டும் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டும் ஓட்டினாள். ஜெகதாப்பட்டினத்தில் ஜனங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி கண்டிருந்தது. தலைப்பிரசவம், நிலைமை சரியில்லை என்றார்கள். அத்தை வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினாள். ஜீப்பில் நானும் மாமாவும் மட்டும்.

வழியில் குலுங்கியதில் ரேடியோவின் குமிழ் எங்கோ திரும்பியிருந்தது. வெறும் இரைச்சல். மாமாவின் விரல் பொத்தான் வரிசையில் ஊர்ந்து, சந்தனப் பொட்டில் நின்று அமுக்கியது. பெட்டிக்குள்ளிருந்த பெண் நம்பர் சொன்னாள். உடனே திருச்சி நண்பரின் குரல் வந்தது. மாமா பிள்ளைத்தாய்ச்சியின் நிலைமையைச் சொன்னதும் அவர், அறந்தாங்கி வரை போன் வேலை செய்கிறது, அங்கே ஆம்புலன்ஸ் தயாராக நிற்கிறது, எந்த வழி திறந்திருக்கிறது என்று தெரிந்தால் அனுப்பிவிடலாம் என்றார்.

மாமா மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆத்தா, பானெட் மேல ஏறி நில்லு. மெயின் ரோட்டுல என்ன தெரியுது சொல்லு."

"புளியமரம் கெடக்கு மாமா."

"முழுசா அடைச்சிருக்கா? ஓரத்துல வண்டி போகுமா?"

"ஆளு போகலாம். வண்டி போகாது."

"ஐஸ் பிளாண்ட் பக்கம்?"

"கரண்டு கம்பம் சாஞ்சிருக்கு."

"கம்பி தரையத் தொடுதா? நல்லாப் பாத்துச் சொல்லு."

"தொடல. ஆனா தாழ்வாத் தொங்குது."

"வேற வழி?"

"ஐஸ் பிளாண்டுக்குப் பின்னாடி மண் ரோடு இருக்கு. டிராக்டர் இப்பத்தான் போச்சு. சக்கரத் தடம் தெரியுது. தண்ணி இல்ல."

நான் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மாமா மைக்கில் சொன்னார். பிறகு மறுபடி கேட்டார். அந்தத் தடம் எங்கே போய்ச் சேர்கிறது, நடுவில் மரம் உண்டா, டிராக்டர் திரும்பி வருகிறதா. எனக்குச் சலிப்பாகிவிட்டது.

"ஒங்க கண்ணு முன்னாடிதானே இருக்கு மாமா! எல்லாத்தையும் என்னையவே கேக்குறீங்க?"

மாமா மைக்கை மடியில் வைத்தார். "நீ சரியாப் பாக்குறியான்னு பாக்குறேன் ஆத்தா" என்றார்.

ஆம்புலன்ஸ் அந்த மண் ரோட்டு வழியாகத்தான் வந்தது. பெண்ணை ஏற்றிக்கொண்டு அதே தடத்தில் திரும்பியது. தாயும் பிள்ளையும் பிழைத்த சேதி சாயந்திரம் ரேடியோவில் வந்தது. என் தலையைத் தடவ மாமா நீட்டிய கை முதலில் என் தோளில் பட்டு, பிறகுதான் தலைக்கு வந்தது.

ரோடு சரியானதும் அம்மா அலறி அடித்துக்கொண்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. "மாமா எனக்கு அன்னைக்கு முழுக்கப் பரீட்சை வச்சாரும்மா. ஒரு கேள்வி விடாம எல்லாத்துக்கும் சரியாச் சொல்லிட்டேன்" என்றேன். அம்மா சிரித்தாள், மாமாவும் சிரித்தார். அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பரீட்சை வைக்கிறவருக்கு விடை முன்பே தெரிந்திருக்கும் என்றுதான் அந்த வயதில் நான் நினைத்திருந்தேன்.