ஏழு வருஷம் என்று யார் சொன்னது?

ஒன்றரை மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குன்னம் பக்கம் ஒரு வீடு. அன்றைக்கு அங்கே யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாப்பிள்ளையின் அம்மா. எனக்கு அத்தை முறை. சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளையின் பெரியப்பா. அரியலூரில் சிமெண்ட் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்காலி அவருக்கு.

மாப்பிள்ளையின் அக்கா. கங்கைகொண்ட சோழபுரத்தில் இருந்து பஸ் மாறி மாறி வந்தவர். ஒரு பை முந்திரிப்பருப்பு கொண்டு வந்திருந்தார்.

பெண்ணின் அப்பா. என் சித்தப்பா. செருப்பு கிடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே வாங்க என்று யாரும் சொல்லவில்லை.

நான், முருகன். கார் ஓட்டி வந்தவன்.

மாப்பிள்ளை பாலு. குவைத்தில் ஏசி மெக்கானிக். தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த செல்போனுக்குள் இருந்தார்.

அப்புறம் சங்கீதா. பாலுவின் மனைவி. என் சித்தப்பா மகள், எனக்குத் தங்கை. அவள் அடுப்படியில் இருந்தாள். பேச்சு முழுக்க அவளைப் பற்றி. கூடத்தில் அவளுக்கு இடம் இல்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போவணும் தம்பி, ஒங்க சித்தப்பாவையும் ஏத்திக்கிட்டு வந்துரு" என்றுதான் அத்தை போனில் சொல்லியிருந்தார். நம்பி வந்தேன். உள்ளே நுழைந்தபோது கதவோரம் ஒரு சூட்கேஸ் இருந்தது. எனக்குத் தெரிந்த சூட்கேஸ்தான். பாலு வந்தபோது திருச்சி ஏர்போர்ட்டில் டிக்கியில் ஏற்றியது நான். பிளேன்காரன் ஒட்டிய ஸ்டிக்கர் பாதி கிழிந்து அப்படியே இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு எதற்கு சூட்கேஸ்?

பெரியப்பாதான் ஆரம்பித்தார்.

"யாரையும் குத்தம் சொல்ல வரல. ஏழு வருஷம் பாத்தாச்சு. எந்த வூட்டுல ஏழு வருஷம் பொறுப்பாங்க, சொல்லுங்க."

அத்தை மூக்கை உறிஞ்சினார். "நான் என்ன கொடுமைக்காரியா? பெத்த புள்ள மாதிரிதான் வச்சிருக்கேன். ஆனா வெளிய தல காட்ட முடியல. ரேஷன் கடைக்குப் போனா 'விசேஷம் உண்டா'ங்கறாளுவ. தண்ணி புடிக்கப் போனா 'விசேஷம் உண்டா'ங்கறாளுவ."

விசேஷம். கல்யாணம் விசேஷம். காதுகுத்து விசேஷம். கிடா வெட்டினாலும் விசேஷம்தான். ஆனால் கல்யாணமான பெண்ணைப் பார்த்துக் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம். சங்கீதா மூன்று வருஷமாக எந்த விசேஷத்துக்கும் போவதில்லை. அந்த ஒரு விசேஷத்துக்குப் பயந்து.

அக்கா மெதுவாகச் சொன்னார். "கொஞ்ச நாள் அவ அம்மா வூட்டுல இருக்கட்டும். அவளுக்கும் மனசு ஆறும்."

கொஞ்ச நாள்... இந்தப் பக்கம் அப்படிப் போன பெண்களை எனக்குத் தெரியும். கொஞ்ச நாளில் பாத்திரம் பண்டம் வரும். அப்புறம் ஒரு வக்கீல் பேசுவார். அதற்குள் வேறு ஒரு பெண்ணின் ஜாதகம் இந்த வீட்டு சாமி படத்துக்குக் கீழே வந்து உட்கார்ந்திருக்கும்.

எனக்குச் சூடு ஏறியது. கார் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இந்தப் பெண் என்ன செய்யாமல் விட்டாள்?

ஸ்கேன் எடுத்தாள். கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். அன்றைக்கு என் கார் பின் சீட்டில் சுருண்டு படுத்து வந்தாள். ஊசி போட்டதில் உடம்பு ஊதியது. யாரோ சொன்னார்கள் என்று வேப்பங்கொழுந்து அரைத்து வெறும் வயிற்றில் குடித்தாள். செவ்வாய்க்கிழமை பட்டினி. கோயில் தரையில் மண்சோறு. இத்தனைக்கும் பிறகு டாக்டர் சொன்னது, "இவங்ககிட்ட பெருசா ஒண்ணும் இல்ல, கணவரை வரச் சொல்லுங்க."

கணவர் என்ன செய்தார்? போன லீவில் அவருக்கும் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார்கள். "அடுத்த லீவுல பாத்துக்கலாம்" என்றார். இரண்டு பேரும் வாருங்கள் என்று டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியில், பாலு குவைத் பிளேனில் ஆகாயத்தில் இருந்தார்.

அத்தைக்கு அந்த டெஸ்ட் பேச்சே ஆகாது. "ஆம்பளப் புள்ள கையில டப்பாவக் குடுத்து அனுப்புவாங்களா? எம் புள்ளைக்கு என்ன கொற?" என்பார். மருமகளை மேசையில் படுக்க வைத்தது மட்டும் கௌரவம் போலிருக்கிறது.

வாரா வாரம் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். நான் மற்றவர் வீட்டுப் பேச்சில் வாய் வைக்கிறவன் இல்லை. ஏற்றுவேன், இறக்குவேன், வருவேன். அன்றைக்கு வாய் வைத்தேன்.

"ஏழு வருஷம்னு யாரு மாமா சொன்னது?"

பெரியப்பா என்னைப் பார்த்தார். "என்னாப்பா கேள்வி இது? கல்யாணத்துக்கு நீதான கார் ஓட்டுன?"

"ஓட்டுனேன். ஏர்போர்ட்டுக்கும் நாந்தான் ஓட்டுனேன்."

"அதுக்கு?"

"கல்யாணம் ஆனி ஒண்ணாந்தேதி. மாப்ள ரெண்டு மாசம் இருந்தாரு. ஆனி போச்சு. அடுத்தது என்னா மாசம்?"

சித்தப்பாதான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "ஆடி. நாந்தான் வந்து அழைச்சிட்டுப் போனேன். வழக்கம்ல."

"ஆடி முடிய மாப்ளையக் கொண்டு போயி ஏர்போர்ட்ல விட்டேன். சங்கீதா அவ அம்மா வூட்டுல இருந்து நேரா கார்ல ஏறி வந்தா. சரியா?"

"சரி, அதுக்கென்ன இப்ப?" என்றார் பெரியப்பா.

"ரெண்டு வருஷம் கழிச்சு மொத லீவு. ரெண்டு மாசம். அதுல ஒரு மாசம் அப்பாவுக்குத் தொணையா திருச்சி ஆஸ்பத்திரி வராண்டாவுல படுத்துக் கெடந்தாரு."

"பெத்த அப்பனப் பாக்க வேணாங்கறியா? எந் தம்பி சாவற வரைக்கும் அவந்தான் தூக்கி எறக்குனான்."

"பாக்கணும். அத யாரு வேணாம்னது? அந்த மாசத்தையும் ஏன் சங்கீதா தலையில எழுதறீங்க?"

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்புறம் கொரோனா. பிளேனும் இல்ல, லீவும் இல்ல. அது முடிஞ்சு கார்த்திகை பொறந்த அன்னிக்கு வந்தாரு. மூணு மாசம்."

அத்தை சட்டென்று நிமிர்ந்தார். "அப்ப மாலை போட்டிருந்தான்ல எம் புள்ள. வந்த அன்னிக்கே போட்டான். புள்ள வரம் வேணும்னுதான்..."

பாதியில் நின்றுவிட்டார்.

"ஒரு மண்டலம் அத்தை. ஒன்றரை மாசம். தரையில படுக்கை. பொண்டாட்டி இருக்கற ரூம்பு பக்கம் போவக் கூடாது."

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பா, வேறு எதுவுமா, தெரியவில்லை.

பிள்ளை வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, கிடைத்த லீவில் பாதி பெண்டாட்டியை விட்டுத் தள்ளிப் படுத்திருக்கிறார் மனுஷன். இதில் நான் சாமியைக் குறை சொல்ல மாட்டேன். லீவில் வந்து மாலை போடு என்று சாமி கேட்கவில்லை.

"கடைசியா போன வருஷம். அதுதான் முழுசா ரெண்டு மாசம். இப்ப கூட்டிக்குங்க மாமா."

யாரும் கூட்டவில்லை. பெரியப்பா மட்டும் விடவில்லை.

"சேந்து இருந்தா ஒரு நாளு போதாதா? எத்தனையோ பேருக்கு ஆயிருக்கு."

"ஒங்களுக்கு மூத்தவன் எத்தனாவது வருஷத்துல மாமா?"

அத்தை யோசித்துப் பதில் சொன்னார். "நாலாவது வருஷம்."

பெரியப்பா அத்தையை முறைத்தார்.

"ஒரே வூட்டுல இருந்து" என்றேன்.

பாலு அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. நெட் நின்றுவிட்டதோ என்று குனிந்து போனைப் பார்த்தேன். நிற்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான்... அந்த டெஸ்ட நான் இங்கயே குடுத்திருக்கலாம். பயமா இருந்துச்சு."

"என்னா பயம் மாப்ள?"

"எங்கிட்டதான் கொறன்னு வந்துட்டா? ஊருல என்னா பேசுவாங்க?"

அவருக்குப் பயம் வந்தால் அடுத்த லீவு என்று தள்ளிப் போட ஒரு தேசம் இருந்தது. அவளுக்கு ரேஷன் கடைதான் இருந்தது.

அவரையும் முழுக்கத் திட்ட மனசு வரவில்லை. ஒரு ரூமில் எட்டுப் பேரோடு படுத்து, அடுத்தவன் பிள்ளை போட்டோவைப் பார்த்துக்கொண்டு இருந்தவர். திரும்பிப் போகிற அன்றைக்கு ஏர்போர்ட்டில் இறங்கி நின்று அவர் அழுததை நான் பக்கக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த அழுகையைப் பெண்டாட்டியிடம் ஒரு நாளும் சொன்னது கிடையாது. அவளும் சொன்னது கிடையாது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தனியாகச் சுமந்தார்கள்.

அப்போதுதான் சங்கீதா அடுப்படியில் இருந்து வந்தாள். டீத் தட்டைக் கீழே வைத்தாள்.

"ஆறிடும், குடிங்க. நான் எங்கயும் போவல."

சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். செம்புக்கு முன்னால் உட்கார்ந்து போனைப் பார்த்துச் சொன்னாள்.

"கொற ஒங்ககிட்ட இருந்தாலும் சரி, எங்கிட்ட இருந்தாலும் சரி. அத நாம ரெண்டு பேரும் சேந்து கேட்டுக்குவோம். நீங்க வாங்க. லீவுல இல்ல. இருக்கறதுக்கு வாங்க."

"வரேன்" என்றார் பாலு.

அத்தை ஏதோ சொல்ல வந்தார். அக்கா அவர் கையைப் பிடித்து அழுத்தினார். பெரியப்பா டீயை எடுத்து ஊதினார். சித்தப்பா எழுந்து உள்ளே வந்து, மகளுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார்.

நானும் சித்தப்பாவும் மட்டும் திரும்பினோம். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு வந்ததும் சித்தப்பா, "ஆடி எல்லாம் இனிமே பாக்கக் கூடாது முருகா" என்றார். அவ்வளவுதான்.

இத்தனை வருஷமாக இந்தச் சவாரி ஓட்டுகிறேன். வெளிநாட்டில் இருந்து வருகிறவருக்கு முன் சீட்டு. அவர் மனைவிக்குப் பின் சீட்டு — மாமியாருக்கும் பெட்டிக்கும் நடுவில். இரண்டு வருஷம் கழித்து வருகிறவர், பெண்டாட்டியின் முகத்தைக் கண்ணாடியில்தான் பார்த்துக்கொண்டு வருவார். வீட்டுக்கு வந்தால் சொந்தம் வந்து உட்காரும். காதுகுத்து, கிரகப்பிரவேசம், நிலத் தகராறு எல்லாவற்றையும் அவர் லீவுக்கென்று எடுத்து வைத்திருப்பார்கள். அவர் கிளம்பியதும் நாள் தவறாமல் அவளைக் கேட்பார்கள். விசேஷம் உண்டா?

எங்கே இருந்து வரும்?

டாக்டர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். "எத்தனை வருஷம்?" என்று கேட்டார்கள். நாங்கள் கல்யாணப் பத்திரிகையில் இருந்து எண்ணிச் சொன்னோம். அவர்கள் அதை நம்பி வைத்தியம் பார்த்தார்கள். பொய் சொன்னது நாங்கள். ஊசி வாங்கியது அவள்.

பாலு வந்துவிட்டார். குவைத் விசாவை முடித்து எக்ஸிட் அடித்து, முழுசாக. பெரம்பலூரில் ஒரு ஏசி ரிப்பேர் கடையில் பேசி வைத்திருக்கிறார். அங்கே வாங்கிய சம்பளம் இங்கே வராது. தெரிந்துதான் வந்திருக்கிறார்.

வந்த மூன்றாம் நாள், அதாவது போன வியாழக்கிழமை, ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனேன். அத்தையும் வந்தார். காரில் ஏறும்போது ஒரு நிமிஷம் நின்றார். பிறகு முன் கதவைத் திறந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பின் சீட்டில் அவர்கள் இரண்டு பேர். கண்ணாடியை நான் மேலே திருப்பி வைத்துவிட்டேன்.

பாலு டெஸ்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். காது சிவந்திருந்தது. உயிர் ஒன்றும் போகவில்லை. டாக்டர் அம்மா நிதானமாகச் சொன்னாராம். ஒரு வருஷம் சேர்ந்து இருந்தும் கரு நிற்கவில்லை என்றால்தான் சாதாரணமாகத் தேடவே தொடங்குவார்களாம். தேடினால் இரண்டு பேரிடமும் தேட வேண்டுமாம். ரிசல்ட்டில் ஏதாவது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தால் அதற்கு வைத்தியம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எதையும் இப்போதே சொல்ல முடியாது என்றாராம்.

அது நியாயமான பேச்சு. அதை வைத்துக்கொண்டு இரண்டு பேர் வாழலாம்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்தது. டாக்டரைப் பார்ப்பதற்கு முன் வாசலில் ஒரு நர்ஸ் விவரம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். பேர், வயசு, ஊர் எல்லாம் கேட்டார். அப்புறம் அந்தக் கேள்வி.

"கல்யாணமாயி எத்தன வருஷம்மா?"

அத்தை வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"சேந்து இருந்தது எவ்வளவுன்னு கேளுங்க சிஸ்டர்" என்றாள் சங்கீதா.

நர்ஸ் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். "சரி. சேந்து இருந்தது எவ்வளவு?"

சங்கீதா பாலுவைப் பார்த்தாள். அவர்தான் சொன்னார்.

"அஞ்சரை மாசம்."