துண்டுக்கு அடியில் என் ஐந்தாம் வகுப்பு

என் பெற்றோர் பிரிந்தது 1955ஆம் ஆண்டு மாசி மாதத்தில். இந்துத் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு மே மாதம். சென்னை மாகாணத்தில் அதற்கும் முன்பே விவாகரத்துக்கு ஒரு சட்டம் இருந்ததைப் பின்னாளில் படித்தேன். எங்கள் ஊரில் யாரும் அதைக் கேள்விப்பட்டதில்லை. சட்டம் தேவைப்படவும் இல்லை. எங்கள் பக்கத்து உழவர் குடும்பங்களில் ஒத்துவராத கணவனும் மனைவியும் பெரியவர்கள் முன்னிலையில் ‘தீர்த்துக்கொள்வார்கள்’. அதுதான் அதற்குப் பெயர். "அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது?" என்று என்னிடம் வியப்பவர்களுக்கு இந்த வரிசையைச் சொல்லிவிட்டுத்தான் மேலே பேசுவேன்.

அம்மாவின் ஊர் கெலமங்கலம். அப்பாவின் ஊர் பாகலூர். இரண்டும் ஓசூர்த் தாலுகாவில். தீர்த்துவைத்தது கெலமங்கலத்தில், அம்மாவின் அண்ணன் வீட்டு வாசலில். அப்பாவின் கையில் தாலி திரும்பப் போனது. அம்மாவின் பாத்திரங்கள் ஒரு வண்டியில் வந்து இறங்கின. ஏன் பிரிந்தார்கள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. இருவரும் தனித்தனியே என்னிடம் சொன்ன காரணங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. இரண்டையும் நான் நம்புகிறேன்.

பெரியவர்கள் எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்தார்கள், என்னைத் தவிர. பிள்ளை விஷயத்தை நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். அப்போது எனக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு.

அம்மாவுக்கு ஒரே பயம்தான். அப்பா அதற்கு முந்தைய ஆண்டுதான் பெங்களூரில் புதிதாகத் தொடங்கிய ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருந்தார். மொழிவாரியாக மாநிலங்களைப் பிரிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அந்த நாட்களில் டீக்கடைகளில் ஓயாமல் நடந்தது. ஓசூர் எந்தப் பக்கம் போகும் என்று தமிழில் தொடங்கும் வாதம் தெலுங்கில் வளர்ந்து கன்னடத்தில் முடியும். அம்மா அந்தப் பேச்சைத் தன் அளவுக்குச் சுருக்கி வைத்திருந்தாள். என்னை அப்பா பெங்களூருக்கு அழைத்துப் போன பிறகு நடுவில் ஒரு கோடு விழுந்துவிட்டால், கெலமங்கலத்துப் பெரியவர்களின் சொல் அந்தப் பக்கம் செல்லாது. பிறகு பிள்ளையைக் கண்ணால் பார்ப்பதும் கஷ்டம்.

அப்பாவின் பயம் வேறு. மாமாவுக்கு என்னைவிட நான்கு வயது மூத்த மகன் ஒருவன் இருந்தான். பெண் இங்கேயே வளர்ந்தால் படிப்பை நிறுத்தி அவனுக்குக் கட்டிவைத்துவிடுவார்கள் என்று அப்பா நினைத்தார். அது தவறான ஊகம் அல்ல.

நான் எதற்குப் பயந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. மாமா வீட்டில் ‘அப்பா’ என்ற சொல்லே புழங்கவில்லை. ‘அந்தப் பக்கம்’ என்றார்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஆள் வந்தது, அந்தப் பக்கத்தில் மழை பெய்ததாம். கொஞ்ச நாளில் நானும் அப்படியே சொல்லப் பழகினேன். பள்ளியில் வாத்தியார் அப்பா பெயர் கேட்டபோது உடனே வாயில் வரவில்லை. பெயர் தெரியும். சொல்லலாமா என்பதுதான் தெரியவில்லை.

தீர்த்துக்கொண்ட இரு வீட்டாரும் அதன்பின் ஒருவரோடொருவர் பேசக்கூடாது என்பது எங்கள் வழக்கம். பேசித் தீர்க்க வேண்டிய விஷயமோ மிச்சம் இருந்தது. அப்பாவும் மாமாவும் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மாட்டுச் சந்தையில் விலை பேசுகிற வழி.

அதை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் சந்தைகளுக்கு மூன்று மொழிக்காரர்கள் மாடு பிடிக்க வருவார்கள். விலையை வாய்விட்டுச் சொன்னால் சுற்றி நிற்பவர்கள் கெடுத்துவிடுவார்கள். அதனால் வாங்குபவரும் விற்பவரும் ஒரு துண்டுக்கு அடியில் கைகளைக் கோத்து விரல்களால் பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, முழுக் கையைப் பிடித்தால் ஐந்து. எதைப் பற்றிய பேச்சு என்பதைத் தரகர் உரக்கச் சொல்வார். எத்தனை என்பது மட்டும் கைகளுக்குள் இருக்கும். முடிவான விலைக்கு அடுத்த சந்தையில் வெற்றிலை மாற்றுவார்கள். அதுவரை யாரும் பின்வாங்கலாம். மாற்றிய பிறகு முடியாது. அப்பா எனக்குக் கூட்டலும் கழித்தலும் கற்றுக்கொடுத்தது இந்த முறையில்தான்.

இருவரும் பேசிய சந்தை நாளில் நான் மாமாவின் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். தரகர் ஒரு பாய். காவேரிப்பட்டினத்திலிருந்து மாடு ஓட்டி வருபவர். இரண்டு வீட்டுக்கும் வேண்டியவர். அவர் துண்டை விரித்தார். "பாப்பா எத்தினி வருசம் அம்மா வூட்டுல?" என்று உரக்கக் கேட்டார். கேட்கும்போது என்னைப் பார்க்கவில்லை. மாமா கையை நீட்டினார். அப்பா காக்கிச் சட்டையின் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம்தான். இருவரும் எழுந்து வெவ்வேறு பக்கமாகப் போனார்கள். மாமா எனக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

வீட்டில் அவர் அம்மாவிடம் சொன்னார். பதினைந்து வருடம். அந்தப் பக்கத்து ஆள் வரமாட்டான், கேட்கமாட்டான். அம்மா சீதனமாகக் கொண்டுபோன பசுவும் கன்றும் அவர்களிடமே இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தாகிவிட்டது. பதினைந்து வருடத்துக்குப் பிறகு எனக்கு இருபத்து மூன்று வயது ஆகியிருக்கும். அதற்குள் மாமாவின் மகன் பெண்டாட்டியாக நான் பிள்ளை பெற்றிருப்பேன்.

வெளியிலிருந்து பார்த்தால் அம்மா முழுசாக ஜெயித்துவிட்டாள். கோடு எங்கே விழுந்தாலும் இனி அவளுக்குக் கவலையில்லை. அவள் களி கிண்டினாள்.

இரண்டு நாளில் பள்ளிக்கூடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பிள்ளைகள் என்னைப் ‘பசுவுக்கு வந்தவ’ என்று கூப்பிட்டார்கள். நான் அதை அம்மாவிடம் புகாராகச் சொல்லவில்லை, சந்தேகமாகக் கேட்டேன். பசுவைத் திருப்பிக் கொடுத்தால் அப்பா வருவாரா?

அம்மா கிளறிய கரண்டியை அப்படியே பானையில் விட்டுவிட்டு வெளியே போனாள். எங்கே போனாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. திரும்பி வந்தபோது களி அடிப்பிடித்திருந்தது.

அடுத்த சந்தை நாளில் வெற்றிலைத் தட்டோடு மாமா கிளம்பிய பிறகு, அம்மா எனக்குத் தலை சீவிவிட்டு என்னையும் அழைத்துக்கொண்டு நடந்தாள். மாட்டுப் பக்கத்துக்குப் பெண்கள் வருவதில்லை. பாய் எங்களைப் பார்த்துவிட்டு வழி தவறி வந்துவிட்டோம் என்று நினைத்தார்.

"ஏம்மா, காய்கறி அந்தாண்ட."

"காய் வாங்க வரல பாய். வெல பேச வந்திருக்கறன்."

"எந்த மாட்டுக்கு?"

"மாடு இல்ல. இவளுக்கு."

சுற்றி நின்றவர்களில் ஒருவர், பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். அம்மா அவர் பக்கம் திரும்பினாள். "பாத்துக்க. பால் பல்லு விழுந்து மொளைக்குது. பசுவுக்கு வந்தவன்னு நீங்கதான பேரு வெச்சீங்க" என்றாள். சிரிப்பு நின்றது.

மாமா வெற்றிலைத் தட்டைப் பிடித்தபடி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"வூட்டுக்குப் போ. முடிஞ்ச பேச்சு இது."

"உன் பேச்சு முடிஞ்சிது அண்ணா. என்னுது இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. தட்டு மாறலயே?"

தட்டு மாறவில்லை. அது உண்மை. சந்தையில் உள்ள எல்லாருக்கும் அந்த விதி தெரியும். பாய் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையசைத்தார்.

தீர்த்துக்கொண்டவர்கள் ஒருவரையொருவர் தொடக்கூடாது என்பதும் வழக்கம்தான். அதைச் சொல்ல வாயெடுத்த ஒரு பெரியவரைப் பாய் கையமர்த்தினார். துண்டு இருக்கிறதே என்றார். தன் தோளிலிருந்ததை உதறி விரித்தார். அம்மா கையை உள்ளே வைத்தாள். அப்பா வைக்கக் கொஞ்சம் தாமதமானது. அவர்கள் பிரிந்த பிறகு இருவரையும் அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்தது அன்றுதான்.

முதல் கேள்வியை அம்மா பாய் காதில் சொல்ல, அவர் உரக்கச் சொன்னார். "வருசத்துல எத்தினி மாசம் பாப்பா அப்பங்கூட?" துண்டு ஒரு முறை அசைந்தது. அப்பா சட்டென்று நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று போன வாரம் முடிந்துபோன விஷயம் அது.

இரண்டாவது கேள்வி: "எத்தினாவது வரைக்கும் பாப்பா அம்மாகிட்ட படிக்கணும்?" இது எளிதில் முடியவில்லை. அப்பா தலையை ஆட்டினார். அம்மா ஆட்டவில்லை. துண்டு எழுந்தது, தாழ்ந்தது, மறுபடி எழுந்தது. துண்டின் நுனியைப் பிடித்திருந்த பாய், இதில் வாங்குகிறவர் யார், விற்கிறவர் யார் என்றே தமக்கு விளங்கவில்லை என்று சுற்றியிருந்தவர்களிடம் சொன்னார். எனக்கும் விளங்கவில்லை. ஆனால் என்னைப் பற்றிப் பேச வேண்டிய இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கைகளை எடுத்த பிறகு அம்மா பாயிடம் ஒன்று சொன்னாள்.

"எப்ப அவருகிட்ட போனாலும் ஓசூர் தாலுகாவத் தாண்டக் கூடாது."

அப்பா வழக்கத்தை மீறி வாய் திறந்தார். "தாண்டாதுன்னு சொல்லுங்க பாய். எனக்கும் ஒண்ணு இருக்குது. அவங்க அண்ணன் பையனுக்குக் கட்றதுன்னா எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்."

"அவகிட்ட கேக்கணும்னு சொல்லுங்க பாய்" என்றாள் அம்மா.

மாமாவின் தட்டிலிருந்த வெற்றிலையே மாறியது. வேறு வெற்றிலை யாரிடமும் இல்லை. அவர் அந்த ஆண்டு ராகி அறுவடை வரை அம்மாவோடு பேசவில்லை.

முதல் எண் இரண்டு என்பது அந்தக் கோடையிலேயே தெரிந்துவிட்டது. அப்பா வந்து என்னைப் பாகலூரில் பெரியப்பா வீட்டுக்கு அழைத்துப்போனார். பள்ளி திறக்கும்வரை இருந்தேன். சீதனப் பசு அங்கேதான் கட்டியிருந்தது. அதன் பாலை நான் தாராளமாகக் குடித்தேன். திரும்பி வந்ததும் வாத்தியார் மறுபடி அப்பா பெயர் கேட்டார். சொன்னேன்.

1956 நவம்பரில் மாநிலங்கள் பிரிந்தன. ஓசூர் சென்னை மாநிலத்திலேயே தங்கியது. அம்மா பயந்த கோடு எங்களுக்கு நடுவில் விழவில்லை. செய்தி கேட்ட அன்று அவள் பாயசம் வைத்தாள். காரணம் கேட்டதற்கு வெல்லம் மிச்சம் இருந்தது என்றாள்.

இரண்டாவது எண் 1957 கோடையில் தெரிந்தது. நான் ஐந்தாம் வகுப்பு தேறியிருந்தேன். அம்மா தகரப் பெட்டியைத் துடைத்து என் பாவாடைகளை அடுக்கினாள். அப்பா ஓசூரில் ஒரு அறை பிடித்திருப்பதாகவும், இனி நான் அங்கிருந்து உயர்நிலைப் பள்ளிக்குப் போவேன் என்றும் சொன்னாள். நான் அழவில்லை. ஆனால் வண்டி ஏறும்வரை அவளோடு பேசவும் இல்லை. ஐந்தோடு என்னை விட்டுக்கொடுத்துவிட்டாள் என்றே நினைத்தேன். கெலமங்கலத்தில் எட்டு வரை பள்ளி இருந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் அங்கேயே ஆறாவதில் உட்காரப் போகிறார்கள்.

அப்பா தினமும் பெங்களூருக்கு பஸ்ஸில் போய்த் திரும்பினார். நான் ஓசூர்த் தாலுகாவைத் தாண்டாமல் இருப்பதற்காக அவர் கொடுத்த விலை அது. முதல் வாரத்தில் ஒரு மாலை, அவர் முகம் கழுவிவிட்டு உட்கார்ந்தபோது கேட்டேன். அம்மா ஏன் ஐந்து என்று சொன்னாள், நீங்கள்தான் அப்படிப் பிடித்தீர்களா?

அவர் தோளில் இருந்த துண்டை என் கையின் மேல் போட்டார். முழுக் கையையும் பிடித்தார். விட்டுவிட்டு மறுபடி மூன்று விரல்களைப் பிடித்தார்.

"நான் எட்டு புடிச்சன். பொம்பளப் புள்ள, அம்மாகிட்ட இருக்கட்டும்னு. உங்கம்மா மூணு வெரல மடக்கி உட்டுட்டா. மறுபடி புடிச்சன். மறுபடி மடக்கிட்டா."

"ஏன்னு கேட்டீங்களாப்பா?"

"துண்டுக்கு அடியில ஏன்னு கேக்க முடியாதே."

காரணத்தைக் காலாண்டு விடுமுறையில் அம்மாவிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். கரண்டியைப் பானையில் விட்டுவிட்டுப் போன அன்று அவள் போனது வாத்தியார் வீட்டுக்கு. எட்டு வரை கெலமங்கலத்தில் படித்தால் அந்தப் படிப்பு அதோடு நின்றுவிடும். கெலமங்கலத்தில் இல்லாத இங்கிலீஷ், உயர்நிலைப் பள்ளியில் முதல் பாரத்தில், அதாவது ஆறாவதில், தொடங்குகிறது. மேலே படிக்க வேண்டுமானால் ஐந்து முடிந்ததும் அங்கே சேர்ந்துவிட வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு இது தெரியாது. மாமாவுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. எட்டில் நின்றுபோன பெண் மாமா வீட்டிலேயே நின்றுபோவாள் என்பது அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"மூணு வருசம் எனக்கு வேணாம்னா மடக்கனன்?" என்று கேட்டாள். அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள்.

பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்பது பற்றி அதன்பின் நான் நிறையப் படித்திருக்கிறேன். சட்டங்களையும் தீர்ப்புகளையும் ஆண்டு வரிசையில் படித்திருக்கிறேன். தாயும் தகப்பனும் தமக்குக் கூடுதலாகக் கேட்டுச் சண்டையிட்ட வழக்குகள்தான் அவற்றில் பெரும்பாலும். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பயத்தில் இருப்பவர்கள் கூடுதலாகத்தான் கேட்பார்கள். என் வீட்டில் பயம் இரண்டு பக்கமும் இருந்தது. இருந்தும் அன்று ஒருவர் எட்டு கொடுக்க, மற்றவர் ஐந்து போதும் என்றார். நான் அதன் விளைவு. தயக்கமில்லாமல் சொல்வேன், நல்ல விளைவு.

அந்தக் காலாண்டு விடுமுறையில் அம்மா என் முதல் பாரத்து இங்கிலீஷ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். படங்களை மட்டும் பார்த்தாள். பிறகு எத்தனை நாள் லீவு என்று கேட்டாள். வாயால் சொல்லப் போனேன். அவள் முந்தானையை இழுத்துத் தன் கையை மூடிக்கொண்டு என் பக்கம் நீட்டியிருந்தாள். நான் உள்ளே கைவிட்டு அவள் விரல்களைப் பிடித்தேன். அவள் எதையும் மடக்கவில்லை.