சகலையின் ஹெல்மெட்டோடு போடிமெட்டுக்கு

1984 ஐப்பசியில் நான் போடிமெட்டுக்குப் போனது மாமனாரின் ஏலத்தோட்டத்தைப் பார்க்க என்று பேர். உண்மையில் அது என் சகலைக்கு நடந்த ஊர்வலம். மனைவியின் தங்கையைக் கட்டியவன், விமானப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டுபவன். மாற்றலாகிப் போகிற வழியில் போடியில் இறங்கியிருந்தான். ஆறு வருடமாக அந்த வீட்டுக்கு ஒரே மருமகன் நான்; அன்று நல்லி எலும்பு அவன் இலைக்குப் போனது. வயிறு எரிந்தது, சொல்வதற்கென்ன.

போடியிலிருந்து மெட்டுக்கு இருபத்தாறு கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவு. தார்ப்பாய் கழற்றிய ஜீப்பில் மாமனாரோடு காலை ஏழுக்குக் கிளம்பினோம். தோட்டத்து ஆட்களும் பார்க்கட்டும் என்று அவன் பறக்கும்போது போடுகிற ஹெல்மெட்டையும் மாமனார் எடுத்துவரச் சொல்லியிருந்தார். வழியெல்லாம் அதே பேச்சு.

மெட்டு தாண்டி தோட்டத்து மண்பாதையில் திரும்பியதும், "கொண்டா தம்பி, நானும் போட்டுப் பாக்குறேன்" என்று வாங்கி மாட்டிக்கொண்டு, பின்னால் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றேன். உள்ளே இரண்டு மெத்தைக் கிண்ணங்கள் காதைக் கவ்வின. ஜீப்பின் இரைச்சல் எங்கேயோ போய்விட்டது. இவ்வளவு சுகத்திலா இவன் வேலை பார்க்கிறான் என்று இன்னும் எரிந்தது.

சகலை திரும்பி வாயை அசைத்தான். பாராட்டுகிறான் என்று நினைத்துக் கையை ஆட்டினேன். அடுத்த நொடி மழையில் தாழ்ந்திருந்த பலாக்கிளை மண்டையில் மோதி, பின்னால் கிடந்த உர மூட்டைமேல் விழுந்தேன்.

வண்டி நின்றது. அவன் ஹெல்மெட்டைத் தொடவில்லை. என் கண்ணைப் பார்த்தான், கழுத்தைத் தடவினான், நினைவு இருக்கிறதா என்று பேர் கேட்டான். "குனிங்கன்னு கத்துனேன் அண்ணே. அதுல வயரு மாட்டுனாத்தான் பேச்சு கேக்கும்."

பிறகுதான் ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தான். வெளியே ஒரு கீறல். உள்ளே தெர்மகோல் போன்ற அட்டை, கட்டைவிரல் அளவுக்கு நசுங்கியிருந்தது.

"அடியை இதுதான் வாங்கிக்கிச்சு. ஒரு தடவ வாங்குனா அதோட சோலி முடிஞ்சது. இனி இதைப் போட்டுப் பறக்க முடியாது."

"ஐயோ, உனக்கு மேல இருக்குறவங்க கேப்பாங்களே தம்பி?"

"கேப்பாங்க. நான்தான் கீழ போட்டுட்டேன்னு எழுதிக் குடுத்துர்றேன்."

மாமனார் என்னைப் பார்க்காமல் சுருட்டைப் பற்றவைத்தார்.

போகிறவர்களுக்கு: ஏலக்காட்டைப் பார்க்க ஐப்பசி நல்ல மாதம், ஆனால் மழைக்குப்பின் மண்பாதையில் ஜீப்பில் நிற்காதீர்கள். காதை மூடிக்கொண்டு நிற்கவே நிற்காதீர்கள். எனக்கு அன்று ஒரு வீக்கம்கூட இல்லை. நல்லி எலும்பு போனதைக்கூட மறந்துவிடலாம். அவ்வளவு நல்லவனாகவும் அவன் இருந்து தொலைத்ததைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.