கைக்கு எட்டாத பிறேக்

மவுண்டன் சைக்கிள் செய்கிறவர்களுக்கு, உலகத்தில் ஐந்தடி ஒரு அங்குல ஆட்களும் இருக்கிறார்கள் என்று யாராவது கடிதம் போட்டிருக்க வேண்டும். அந்த எரிச்சல் எனக்கு இன்றும் ஆறவில்லை.

யுத்த காலம். உப்புவெளியில் வீடு, திருகோணமலை நகரத்தில் நான் வேலைசெய்த கந்தோர். வழியில் மலை என்று சொல்ல ஒரு மேடுகூட இல்லை. ஆமி காவல் நிற்கும் சென்றி மட்டும் இருந்தது. அங்கே வீதியில் கீறியிருந்த வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போகவேண்டும். ஓடிக்கொண்டே கோட்டைத் தாண்டினால் துவக்குத்தான் கதைக்கும். எனக்கு வாய்த்ததோ கொழும்பிலிருந்து அத்தான் அனுப்பிய மவுண்டன் சைக்கிள். அத்தானுக்கு ஆறடி. தன் உயரத்துக்குப் பார்த்து வாங்கியிருந்தார். ஏறி இருந்தால் என் கால் நிலத்தில் முட்டாது.

சைக்கிள் கடைக்காரரிடம் கொண்டுபோனேன்.

"அண்ணை, கோட்டுக்கு முன்னால கால் ஊண்ட ஏலாமக் கிடக்கு. ஏதாவது செய்யுங்கோ."

என்னையும் சைக்கிளையும் மாறிமாறிப் பார்த்தார். "சைக்கிளைக் குறைக்கலாம் தம்பி. உங்களைக் கூட்டத்தான் என்னட்டச் சாமான் இல்லை."

சீற்றைத் தாங்கும் கம்பியில் நாலு விரல் அளவு அறுத்து, சீற்றை அடிவரை இறக்கினார். கால் நிலத்தில் பட்டது. வென்றுவிட்டதாக நினைத்தேன். பிறேக் பிடி என் விரலுக்குச் சரியாக எட்டவில்லை என்பதை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை.

மறுநாள் காலை. கோடு கிட்ட வந்தது. நுனிவிரலால் பிறேக்கைச் சுரண்டினேன். சைக்கிள் மெதுவானதே தவிர நிற்கவில்லை. ஆமிக்காரன் ஒருவன் "நில்லு" என்று கத்தினான். ஆமி கத்தினால் எங்கள் சனம் என்ன செய்யும்? இரண்டு கையையும் தூக்கும். எத்தனை சுற்றிவளைப்பில் பழகிய கைகள். ஓடுகிற சைக்கிளில் இருந்தபடியே தூக்கினேன். காலை ஊன்றலாம் என்ற நினைப்பே வரவில்லை. அதற்காகத்தானே கம்பியை அறுத்தது. சரணடைந்த கோலத்திலேயே கோட்டைத் தாண்டி மண்மூட்டைக்குள் போய்ச் செருகினேன். விழுந்த பிறகும் கையை இறக்கவில்லை.

ஆமிக்காரன் துவக்கைத் தாழ்த்திவிட்டுச் சிரித்தான். "பிறேக் நெத்த?" பிறேக் இல்லையா என்று கேட்கிறான். இருக்கிறது, எட்டவில்லை என்று சொல்ல என் சிங்களம் காணாது. ஓம் என்று தலையை ஆட்டினேன்.

பின்னேரம் திரும்பவும் கடைக்குப் போனேன். கடைக்காரர் பிறேக் பிடிக்குள் இருந்த ஒரு சின்ன ஆணியைத் திருகினார். பிடி விரலுக்குக் கிட்ட வந்தது. ஒரு நிமிட வேலை.

"இதை நேற்றே செய்திருக்கலாமே, அண்ணை?"

"நீங்கள் காலைப் பற்றித்தானே கதைச்சனீங்கள். கையைப் பற்றிக் கதைக்கேல்லையே."

அடுத்த நாள் கோட்டுக்குப் பத்தடி முன்னாலேயே பிறேக்கைப் பிடித்து, காலை ஊன்றி, கவர்னர் மாதிரி இறங்கினேன். அதை ஒருவரும் கவனிக்கவில்லை. அதே ஆமிக்காரன் என்னைக் கண்டதும் துவக்கைத் தோளில் கொழுவிவிட்டு, தன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். வரிசையில் நின்ற சனம் முழுக்கச் சிரித்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டு அவனைக் கடந்தேன், பிறேக் பிடியிலிருந்து ஒரு கையையும் எடுக்காமல்.