முதலாளி ஹால் பார்த்த விதம்

இன்று சேலத்தில் மூன்றாவது ஹோட்டல். டீலர் மீட்டிங்குக்கு ஹால் பிடிக்காமல் நாமக்கல் திரும்புவதில்லை என்று நானும் முதலாளியும் கிளம்பியிருந்தோம்.

அவருக்கு முப்பது வருடக் கோழிப்பண்ணை அனுபவம். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் கூரையைத்தான் பார்ப்பார்.

"இருநூறு பேர் தாராளமா உக்காரலாம் சார்" என்றார் ஹோட்டல் மேனேஜர்.

முதலாளி காலடி வைத்து அகலத்தை அளந்தார். "நூத்தம்பதுக்கு மேல அடைச்சா வெக்கை தாங்காதுங்க."

"ஃபுல் ஏசி சார்."

"கரண்ட் போச்சுன்னா?"

"ஜெனரேட்டர் இருக்கு சார்."

"அதும் ஓடலீன்னா? இத்தன உசுரு உள்ள இருக்குமுங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் தரைவிரிப்பைப் பார்த்தேன்.

"அவங்களே கதவைத் திறந்துட்டு வெளிய போயிருவாங்க சார்."

முதலாளி போய்க் கதவை ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தார். முந்தைய இரண்டு ஹோட்டல்களிலும் யாருக்கும் இந்தப் பதில் தோன்றவில்லை.

"அதுஞ் செரிதானுங்க" என்று ஹாலைப் பேசி முடித்தார்.

காரில் ஏறிய பிறகுதான் அடுத்த கவலை வந்தது.

"நான் பேசறப்பவும் தொறந்துட்டுப் போயிருவாங்கல்ல சாமி? நீ கதவுகிட்ட நின்னுக்க."

அவர் பேச ஆரம்பித்தால் இரண்டு மணி நேரம். கதவுக்கு உள்பக்கமா வெளிப்பக்கமா என்று அவர் சொல்லவில்லை.

நீங்களாக இருந்தால் எந்தப் பக்கம் நிற்பீர்கள்?